மேடையிலிருந்து எடிட் அறை வரை: டெல்டா நடிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

சம்பா அறுவடை முடிந்து, பங்குனி சித்திரையில் திருவிழாக்கள் தொடங்கினால் எங்கள் கும்பகோணம் பக்கத்து ஊர்களில் நாடகம் இருக்கும். அந்த மேடைகளில் பன்னிரண்டு வருடம் நடித்தேன். பிறகு சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள், அப்புறம் வசன உதவி, அதன் பிறகு எடிட் அறையில் உதவியாளர். இப்போது வசனம் எழுதுவதும் எடிட் செய்வதும்தான் என் தொழில். வருடா வருடம் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது, அரிதாரம் கலைக்காத முகத்தோடு யாராவது இரண்டு பேர் வந்து கேட்பார்கள்: "அண்ணே, சீரியல்ல எழுதணும்னா யாரப் பாக்கணும்?"

யாரைப் பார்ப்பது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் முக்கால்வாசியை ஊரில் இருந்தபடியே செய்ய முடியும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், எங்கே மேடை ஏறியவராக இருந்தாலும் சரி, நான் போன வழியையும் போயிருக்க வேண்டிய வழியையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மேடையில் நிற்கும்போது கூட்டம் எங்கே இருமுகிறது, எங்கே பாயை உதறுகிற சத்தம் கேட்கிறது, எந்த இடத்தில் அழுகிற பிள்ளையைக்கூட அதட்டி வாய் மூட வைக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கதை தொய்கிற இடமும் பிடிக்கிற இடமும் அவைதான். எழுத மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் புரிந்துகொள்ள வருடக்கணக்கில் ஆகும். உங்களுக்கு இது உடம்பிலேயே இருக்கிறது.

இரண்டாவது, மூச்சு. எந்த வசனம் வாயில் உட்காரும், எது பாதியில் தடுக்கும் என்பது பேசிப் பழகியவருக்குத்தான் தெரியும். படப்பிடிப்பில் ஒரு வரிக்கு ஏழெட்டு டேக் போனால் பெரும்பாலும் நடிகர் மேல்தான் கோபப்படுவார்கள். பல நேரம் குற்றம் அந்த வரியில் இருக்கும். நடிகராக இருந்து எழுத வந்தவர் அந்த வரியைத் தாளிலேயே சரி செய்துவிடுவார்.

மூன்றாவதைப் பெரும்பாலான நடிகர்கள் ஒரு திறமையாகவே எண்ணுவதில்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது நீங்கள் மேடையில் என்ன செய்தீர்கள்? கேட்டீர்கள். முகம் மாறியது, கை நின்றது, ஒரு அடி பின்னால் போனீர்கள். எடிட்டிங்கில் பாதி இதுதான்: யார் பேசும்போது யார் முகத்தைக் காட்டுவது, எவ்வளவு நேரம் காட்டுவது. நடிப்பிலிருந்து எழுத்துக்கும் எடிட்டிங்குக்கும் போவதை வேறு தொழிலுக்கு மாறுவதாக நினைத்துக் கலங்காதீர்கள். மூன்று இடத்திலும் காதும் மூச்சும்தான் வேலை செய்கின்றன. இதை நான் புரிந்துகொள்ள நான்கு வருடம் ஆனது, அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடியில் 1930-ல் பிறந்த கே. பாலசந்தர், சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேடை நாடகம் போட்டு, சினிமாவுக்குப் போய், 1990-களில் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் வந்தவர். திருக்குவளை மு. கருணாநிதி தான் எழுதிய நாடகங்களில் தானே நடித்தவர். சினிமாவுக்கு வசனம் எழுதியது ஊரறிந்தது. 90 வயதைத் தாண்டிய பிறகும், 2015-ல், ராமானுஜரின் வாழ்க்கையைத் தொலைக்காட்சித் தொடராக எழுதினார். இரண்டு பேருக்கும் மேடைதான் தொடக்கம்.

காதைத் தீட்டுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தஞ்சாவூர் போகிற பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், நெல் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்கும்போது, காதில் விழும் பேச்சில் ஒரு நாளைக்குப் பத்து வரி எழுதுங்கள். கேட்டபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. ஆட்களின் பெயர் வேண்டாம். ஒரு மாதத்தில் முந்நூறு வரி சேரும். அப்போது ஒன்று தெரியும்: ஜனங்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதே குறைவு. "காசு வந்துச்சா?" என்று கேட்டால் "மழையப் பாரு, எப்படி இருட்டிக்கிட்டு வருது" என்பார்கள். காசு வரவில்லை என்று கேட்டவருக்குப் புரிந்துவிடும். வசனம் எழுதுகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது இந்தப் பழக்கத்தை.

உறவுச் சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 'அத்தாச்சி' என்று கூப்பிடும் வீட்டுக் கதையில் திடீரென்று 'மதனி' வந்தால் நம் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். யாரை வாங்க போங்க, யாரை வா போ என்பது வீட்டுக்கு வீடு மாறும். தொடரில் ஒரு பாத்திரம் இன்னொருவரை எப்படிக் கூப்பிடும் என்று முதல் நாளே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். நூறாவது எபிசோடில் அது உங்களைக் காப்பாற்றும்.

எபிசோடைப் பிரித்துப் பாருங்கள்

அரை மணி நேரத் தொடர் என்று சொல்கிறோம். மணிக்கு 12 நிமிடம் வரைதான் விளம்பரமும் சேனலின் சொந்த அறிவிப்பும் வரலாம் என்று விதி இருக்கிறது. அதைக் கழித்து, முன்கதை, பெயர்ப் பாடல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கதைக்குக் கிடைப்பது ஏறக்குறைய இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது விடாமல் பார்க்கும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எங்கே நடக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், எத்தனை நிமிடம், காட்சி தொடங்கியபோது தெரியாத எது முடியும்போது தெரிந்தது. பத்து எபிசோட் இப்படிச் செய்தால் போதும். இடங்கள் எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே புலப்படும். இரண்டு வீடு, ஒரு ஆபீஸ், ஒரு கோயில் வாசல், அவ்வளவுதான் இருக்கும். இடம் மாறினால் லைட் மாற்றி அமைக்க அரை நாள் போய்விடும், அதனால் எழுத்தாளர் முதலிலேயே அப்படித்தான் யோசிப்பார். இதை அறியாமல் முதல் எபிசோடிலேயே மேட்டூர் அணை திறப்பு, கல்லணை, வேளாங்கண்ணி என்று எழுதிக்கொண்டு போகிறவர்களின் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கதையாகவே இருக்கும், படிக்காமலே வைத்துவிடுவார்கள்.

பாத்திர அறிமுகத்துக்குத் தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூர் போய்ப் பாருங்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற மரபு நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரமும் மேடைக்கு வரும்போது அதற்கென்று ஒரு பிரவேசப் பாட்டு உண்டு. ஆள் யார், என்ன குணம், எந்த மனநிலையில் வருகிறார் என்பது அந்தப் பாட்டிலும் நடையிலுமே தெரிந்துவிடும். நாடகம் தெலுங்கில்தான் நடக்கும், அதனால் நமக்கு இன்னும் நல்லது. சொல் புரியாதபோதுதான் நடையும் பார்வையும் எவ்வளவு சொல்கின்றன என்று கண்ணில் படும். தொடரில் புதுப் பாத்திரம் வரும் முதல் இருபது நொடியில் நீங்கள் செய்ய வேண்டியதும் அதே வேலைதான்.

எழுதத் தொடங்குவது

தொடர்களில் கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்று பெயர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றும் தனித்தனி வேலை. கதையை ஒருவர் சொல்வார். அதை டிஸ்கஷனில் உட்கார்ந்து வாரக் கணக்கில் ஒன்லைனாக, அதாவது என்ன நடக்கிறது என்ற சுருக்கமாகப் போட்டு, சீன் ஆர்டராக, அதாவது காட்சி வரிசையாக ஆக்குவது திரைக்கதை. அந்த சீன் ஆர்டரை வாங்கி, நாளைக்கு நடிகர் பேசப்போகும் வார்த்தையாக்குவது வசனம். நடிகராக இருந்து வருபவர்களுக்கு வசனத்தின் வழியாக நுழைவது எளிது. கதை சொல்கிற இடத்துக்கு வர வருடங்கள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் எழுதும் முறை எளிமையானது. காட்சி எண், இடம், பகலா இரவா, உள்ளா வெளியா, யார் யார் இருக்கிறார்கள். அதற்குக் கீழே நடப்பதும் பேசுவதும். கையால் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் யூனிகோடில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். இரவு பதினோரு மணிக்குத் திருத்தம் கேட்டால் கைபேசியிலேயே அனுப்பிவிடலாம்.

இப்போது ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அண்ணன், தங்கைக்கு அம்மா விட்டுப்போன வளையலைச் சொல்லாமல் அடகு வைத்துவிட்டான். தங்கைக்குத் தெரிந்துவிடுகிறது. மேடைப் பழக்கத்தில் நான் முதலில் இப்படி எழுதினேன்:

செல்வி: அண்ணே! அம்மா சாகும்போது எனக்குன்னு விட்டுட்டுப் போன வளையல, என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அடகுக் கடையில வெச்சுட்டியே! உன்ன நம்பித்தானே பீரோ சாவியக் குடுத்தேன்!

அண்ணன்: நான் என்னம்மா பண்ணுவேன்? நடவு முடிஞ்சு நிக்குது, உரம் வாங்கக் கையில காசு இல்ல. கடன் கேக்காத ஆளு இல்ல...

திருவிழாக் கொட்டகையில் இது நன்றாக எடுபடும். கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவருக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும், அதனால் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் கேமரா ஒரு முழ தூரத்தில் நிற்கிறது. அங்கே இதே காட்சி:

காட்சி 4. கொல்லை. பகல். வெளி. செல்வி.
துணி துவைக்கிறாள். அண்ணனின் சட்டைப் பையில் ஏதோ தட்டுப்படுகிறது. எடுத்துப் பிரிக்கிறாள். நனைந்த அடகுச் சீட்டு.

காட்சி 5. திண்ணை. பகல். வெளி. செல்வி, அண்ணன்.
சீட்டு திண்ணையில் விரித்திருக்கிறது. பறக்காமல் இருக்க ஓரத்தில் நெல் அளக்கும் படி ஒன்றை வைத்திருக்கிறாள். அண்ணன் வயலிலிருந்து வருகிறான். முழங்கால் வரை சேறு.
அண்ணன்: சட்டையத் தொவைக்கப் போட்டேனே... பையில எதுவும் இருந்துச்சா?
செல்வி: இருந்துச்சு. காய வெச்சிருக்கேன்.
அண்ணன் திண்ணையைப் பார்க்கிறான்.
அண்ணன்: அறுப்பு முடிஞ்சதும் மீட்டுருவேம்மா.
செல்வி: காலக் கழுவிட்டு வா. சோறு ஆறுது.

வளையல், அம்மா, உரம் எதையும் யாரும் சொல்லவில்லை. அவை முந்தைய காட்சிகளிலும் அடுத்த காட்சிகளிலும் இருக்கும். 'காய வெச்சிருக்கேன்' என்ற வரி எனக்கு மேசையில் உட்கார்ந்து யோசித்து வரவில்லை. அந்தப் பெண்ணாக எழுந்து நின்று, கையில் ஈரச் சீட்டோடு, இப்போது இதை என்ன செய்வேன் என்று நடித்துப் பார்த்தபோது வந்தது. ஈரமாக இருந்தால் காய வைப்பாள். கோபத்திலும் அதைக் கிழிக்க மாட்டாள், சீட்டு இல்லாவிட்டால் வளையலை மீட்க முடியாது. எழுதும்போது எங்கேயாவது நின்றுபோனால் எழுந்து நில்லுங்கள். பாத்திரத்தின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். வார்த்தை பின்னாலேயே வரும்.

தினசரித் தொடருக்கு இது மட்டும் போதாது. நாளைக்கும் பார்க்க வைக்க வேண்டும். அதனால் நிலைப்படி ஓரத்தில் அண்ணி நிற்கிறாள், அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது என்று ஒரு ஷாட் சேர்ப்போம். அவள் முகத்தில் எபிசோடை நிறுத்துவோம். இதைக் கீழான வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடிய விடிய நடக்கும் நாடகத்தில் நடுச்சாமத்தில் கூட்டம் எழுந்து போகாமல் உட்கார வைப்பதற்கு நம் ஆட்கள் செய்ததும் இதுதான்.

இன்னொரு பயிற்சியும் சொல்கிறேன். நான் தாமதமாகக் கண்டுகொண்டது. இதே காட்சியை, அண்ணன் நேரில் இல்லாமல் எழுதுங்கள். அந்த நடிகரின் கால்ஷீட் நாளைக்கு இல்லை என்று இரவு பத்து மணிக்கு போன் வரும். அவர் போனில் பேசுவதாக மாற்ற முடியுமா, சீட்டை அண்ணி முதலில் பார்ப்பதாக மாற்ற முடியுமா? ஒரு காட்சிக்கு மூன்று விதம் எழுதிப் பழகியவருக்கு இந்தத் தொழிலில் எப்போதும் வேலை இருக்கும்.

வானொலி நாடகம் எழுதிப் பாருங்கள் என்றும் சொல்வேன். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. காரைக்காலிலும் நிலையம் இருக்கிறது. நாடகக் குரலுக்கு ஆகாசவாணி குரல் தேர்வு வைத்துத் தரம் கொடுக்கும். தேர்வு எப்போது என்று நிலையத்தில் கேட்டு எழுதுங்கள். முகம், கை, சேறு எதுவும் இல்லாமல், சத்தத்தாலும் சொல்லாலும் மட்டும் ஒரு காட்சியை நிறுத்தப் பழகினால், பிறகு படம் கிடைக்கும்போது எதை வெட்டலாம் என்று தானாகத் தெரியும்.

எடிட்டிங்

எடிட்டிங் கற்க சென்னை போக வேண்டியதில்லை. 16 ஜிபி ராம் உள்ள கணினி, ஓர் எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பு டிஸ்க்), நல்ல ஹெட்போன், யு.பி.எஸ். இவை இருந்தால் தொடங்கலாம். மடிக்கணினியைவிடப் பழைய மேசைக் கணினி மலிவாகக் கிடைக்கும், பிறகு ராமைக் கூட்டவும் வசதி. டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே கற்பதற்கும் சின்ன வேலைகளுக்கும் தாராளமாகப் போதும். பெரிய இடங்களில் பிரீமியர் ப்ரோ, அவிட், ஃபைனல் கட் என்று வேறு வேறு இருக்கும். ஒன்றில் கை படிந்துவிட்டால் மற்றதற்கு ஒரு வாரம் போதும்.

செல்வி காட்சியை நண்பர்களை வைத்து கைபேசியில் எடுங்கள். முழுக் காட்சியையும் தூரத்திலிருந்து ஒரு முறை, செல்வி மேல் ஒரு முறை, அண்ணன் மேல் ஒரு முறை, சீட்டும் படியும் தனியாக ஒரு முறை. இப்போது வெட்டுங்கள். 'காய வெச்சிருக்கேன்' என்று செல்வி சொல்லும்போது யார் முகம்? செல்வி முகத்திலேயே சொல்லி முடித்துவிட்டு அண்ணனுக்குப் போகலாம். அல்லது 'இருந்துச்சு' என்பதோடு அவள் முகத்தை விட்டுவிட்டு, 'காய வெச்சிருக்கேன்' என்ற குரல் அண்ணன் முகத்தின் மேல் விழும்படி வைக்கலாம். முந்தின ஷாட்டின் சத்தம் அடுத்த ஷாட்டின் படத்துக்குள் நீள்வதை எல் கட் என்பார்கள். அடுத்த ஷாட்டின் சத்தம் அதன் படத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டால் ஜே கட். பெயர் முக்கியமில்லை, இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

அப்புறம் மௌனம். நம் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனித்தனிப் படம். அண்ணன் சீட்டைப் பார்த்த பிறகு பேசுவதற்கு முன்னால் 12 ஃப்ரேம், 25 ஃப்ரேம், 50 ஃப்ரேம் என்று மூன்று விதமாக விட்டு, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அரை நொடியில் அவன் பொய் சொல்கிறவன் மாதிரி இருப்பான். இரண்டு நொடியில் வெட்கப்படுகிறவனாகத் தெரிவான். நடிகர் ஒருவர்தான், நடித்தது ஒரு முறைதான். இதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடையில் இத்தனை வருடம் நான் என் மூச்சால் செய்ததை இங்கே விரலால் செய்ய முடிகிறது!

வேலை கிடைக்கிற இடம் முதலில் கல்யாண வீடியோதான். தயங்க வேண்டாம். நான்கு மணி நேரப் படத்தை மூன்று நிமிடமாக்கும்போது எதை விடுவது என்று கற்றுக்கொள்வீர்கள். கோயில் திருவிழா, உள்ளூர் கேபிள் சேனல், பள்ளி ஆண்டு விழா எல்லாமே கை பழகத்தான். உங்கள் குழுவின் நாடகத்தை இரண்டு கைபேசியில் எடுத்து எடிட் செய்யுங்கள். நீங்களே நடித்த காட்சியை நீங்களே வெட்டும்போது ஒரு நேர்மை வேண்டியிருக்கும். உங்கள் நல்ல டேக்கை விட்டுவிட்டு கதைக்கு வேண்டிய டேக்கை எடுக்க முடிந்தால் நீங்கள் எடிட்டர்.

படத்தைப் பத்திரமாக வைப்பதும் எடிட்டர் வேலைதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நான் சென்னையில் இருந்தேன். ஊரில் நண்பர் வீட்டில் எங்கள் குழுவின் பழைய நாடகங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஓடு பறந்து மழை உள்ளே இறங்கியதில் எல்லாம் போயிற்று. அதில் நடித்த இரண்டு பெரியவர்கள் இப்போது இல்லை. அன்றிலிருந்து எந்த வேலையையும் இரண்டு டிஸ்கில், இரண்டு வீட்டில் வைக்கிறேன், ஒரு பிரதியை இணையத்திலும் ஏற்றிவிடுகிறேன். கோப்புகளுக்குத் தேதி, காட்சி எண், டேக் எண் போட்டுப் பெயர் வையுங்கள். எடிட் உதவியாளராகச் சேர்ந்தால் முதல் ஆறு மாதம் உங்களிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு: தஞ்சாவூரில் 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் எடிட்டிங்குக்கும், இயக்கம் திரைக்கதை எழுத்துக்கும் பட்டப் படிப்புகள் உள்ளன. பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் இதை முதலில் யோசியுங்கள்.

சென்னைக்குப் போகும்போது

இப்போதுதான் யாரைப் பார்ப்பது என்ற கேள்வி. உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை. தொடர்களின் வேலை பெரும்பாலும் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் சுற்றுவட்டாரத்தில். தங்க இடம் அங்கேயே பாருங்கள், படப்பிடிப்பு முடியும் நேரத்துக்குப் பஸ் கிடைக்காது. ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் சேர்த்துக்கொண்டு போங்கள். பணம் இல்லாதவர் வாய்க்கு வந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ள நேரும், நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

கையில் மூன்று பொருள் போதும். ஒரே காட்சியை மூன்று விதமாக எழுதிய தாள். ஒரு முழு எபிசோடின் வசனம், இருபது நிமிடத்துக்கு அளவாக. நீங்களே எடிட் செய்த மூன்று நிமிடப் படம். 'என்னிடம் ஐந்நூறு எபிசோடுக்குக் கதை இருக்கிறது' என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் மேடை நடிகர், வசன உதவிக்கு வருகிறேன், எடிட்டும் தெரியும்" என்று சொல்லுங்கள்.

சின்ன வேடம் கிடைத்தால் நடியுங்கள், அது ஒரு நல்ல கதவு. தொடர்களில் பல இடங்களில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தருவார், நடிகர் திருப்பிச் சொல்வார். பிராம்ப்டிங் என்பார்கள். நாடகக் குழுவில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. எனக்கு வாய்ப்பு வந்ததும் அப்படித்தான். பிராம்ப்ட் செய்ய வேண்டியவர் வராத ஒரு நாள் நான் தாளை வாங்கிப் படித்தேன். படிக்கும்போதே ஒரு வரியை இரண்டாக உடைத்தேன். நடித்த அம்மா ஒரே டேக்கில் முடித்துவிட்டு, யார் இதை மாற்றியது என்று கேட்டார்கள். மறுநாள் வசனகர்த்தாவின் பக்கத்தில் எனக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் ஒன்று: கேட்காமல் வரியை மாற்றக் கூடாது. எனக்கு நல்லபடியாக முடிந்தது, எல்லோருக்கும் அப்படி முடியாது. முதலில் வசனகர்த்தாவிடமோ இயக்குநரிடமோ "இப்படிச் சொன்னா வசதியா இருக்குமா சார்?" என்று கேளுங்கள்.

தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற ரேட்டிங் வியாழக்கிழமை தோறும் வரும். எண் இறங்கினால் அடுத்த வாரக் கதை தலைகீழாக மாறும். நீங்கள் பாடுபட்டு எழுதிய பாத்திரம் ஊருக்குப் போய்விடும். அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுதுங்கள். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அந்தத் தாளுக்காக நாற்பது பேர் காத்திருப்பார்கள்.

பணமும் உரிமையும்

இதைக் கவனமாகப் படியுங்கள். ஆரம்ப காலத்தில் நான் ஓர் இடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு தொடருக்கு ஒன்லைன் எழுதிக்கொடுத்தேன். வாய்ப்பேச்சுதான், கையெழுத்து இல்லை. பணமும் வரவில்லை, என் பெயரும் வரவில்லை. கேட்பதற்கு என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

வெறும் யோசனைக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. அதனால் கதையை வாயால் சொல்வதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். எழுதியவுடனேயே 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி உரிமை உங்களுடையதுதான். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சண்டை வந்தால் பதிவு சாட்சியாக நிற்கும். மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே பதியலாம், எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். யாருக்காவது அனுப்பும்போது மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி நிற்கும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: நீங்கள் மாதச் சம்பள ஊழியரா, எபிசோடுக்கு இவ்வளவு என்று எழுதுகிறவரா? ஊழியராக எழுதினால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் உரிமை முதலாளிக்கு. தனியாக எழுதுகிறவர் உரிமையை மாற்றித் தருவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். எடிட்டராக இருந்தால், எத்தனை கரெக்‌ஷன் சம்பளத்துக்குள் அடங்கும், எப்போதிலிருந்து தனிக் கணக்கு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பான் கார்டு எடுத்து வையுங்கள். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், பான் இல்லாவிட்டால் 20. வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் நிதியாண்டு முடிந்த பிறகு கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். எங்களில் பலர் இதைத் தெரியாமல் விட்டிருக்கிறோம்.

எழுத்தாளர், எடிட்டர், நடிகர் என்று அந்தந்த வேலைக்கு அந்தந்தச் சங்கம் இருக்கிறது. எதில் நிலைக்கப் போகிறீர்கள் என்று ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு முடிவு செய்து சேருங்கள். உறுப்பினர் கட்டணத்துக்கு முன்கூட்டியே சேமிக்க வேண்டியிருக்கும்.

ஊர் நாடகத்தை விட்டுவிடாதீர்கள். பங்குனியில் நான்கு நாள் லீவு கேட்டு வந்து ஒரு வேடம் போடுங்கள். தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி பேச ஆரம்பிக்கும். எனக்கு அப்படி ஆனபோது மேடைதான் சரி செய்தது. வரும்போது அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வாருங்கள்.

கடைசியாக, உங்கள் பெயர் திரையில் வரப்போகும் முதல் நாளுக்கு முன்பே எடிட் அறைக்குப் போய், பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். தலைப்பெழுத்து, ஒற்று எல்லாவற்றையும் பாருங்கள். ஏறிவிட்ட எபிசோடில் திருத்த முடியாது. ஊரில் அன்று இரவு அந்த இரண்டு நொடிக்காக ஒரு தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்.